இரத்தப் பரிசோதனையில் மரபணுக் குறை இல்லையென்றால் மூளையிலும் இல்லை என்று பொருளா?

கேள்வி: "என் தம்பி மகனுக்கு ஆறு வயது, மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. இரத்தத்தில் செய்த மரபணுப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்று வந்தது. ஆனால் மூளையில் மட்டும் மரபணு மாற்றம் இருக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். ஒரே உடலில் செல்லுக்குச் செல் மரபணு வேறுபடுமா? மற்ற மூளை நோய்களிலும் இப்படி உண்டா?"

வேறுபடும். மருத்துவர் உங்களிடம் சொன்னது சரியே. நான் ஒரு மருத்துவமனையின் நோய்க்குறியியல் ஆய்வகத்தில், அறுவை சிகிச்சையில் எடுக்கப்படும் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுகிறேன். அதனால் படித்ததோடு கண்ணால் கண்டதையும் சேர்த்துச் சொல்ல முடியும்.

ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஏடெழுதியவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதப்பட்ட படிகள் அனைத்திலும் அந்தப் பிழை இருக்கும். மூல ஏட்டிலிருந்து வேறு வழியாக வந்த படிகளில் இருக்காது. நம் உடலும் ஒரே கருமுட்டையிலிருந்து படிமேல் படியாகப் பெயர்த்தெழுதப்பட்டதுதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் டிஎன்ஏவின் ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள் படியெடுக்கப்படுகின்றன; பிழை திருத்தும் ஏற்பாடு செல்லுக்குள்ளேயே இருந்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடுகின்றன. கரு உருவான முதல் சில நாள்களில் தப்பிய பிழை இரத்தம், தோல், மூளை என எல்லா இடத்திலும் பரவியிருக்கும். மூளைக்கென்று ஒதுங்கிவிட்ட ஒரு முன்னோடிச் செல்லில் நேர்ந்த பிழையோ, அதன் வழிவந்த செல்களில் மட்டும், அதாவது மூளையின் ஒரு பகுதியில் மட்டும் இருக்கும். கையிலிருந்து எடுத்த இரத்தத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. இதை மரபியலார் மொசைக் நிலை என்கின்றனர்.

இத்தகைய பாடபேதங்கள் இல்லாத மூளையே இல்லை. அமெரிக்காவில் கிறிஸ்டபர் வால்ஷ் அவர்களின் குழுவினர் நரம்பு செல்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் டிஎன்ஏவையும் முழுமையாகப் படித்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வயதுவந்தவரின் ஒரு நரம்பு செல்லில் ஏறக்குறைய 1,500 ஒற்றை எழுத்து மாற்றங்கள் இருப்பதாக மதிப்பிட்டது. நரம்பு செல்கள் முதிர்ந்தபின் பிரிவதில்லை என்றாலும், ஆண்டுதோறும் பத்து இருபது மாற்றங்கள் அவற்றில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை பொருளற்ற இடங்களில் விழுவதால் தீங்கு செய்வதில்லை. அரிதாக ஒன்று விழக்கூடாத மரபணுவில் விழுந்துவிடும்போதுதான் நோய் பிறக்கிறது.

உங்கள் தம்பி மகனைப் போன்ற குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுவது, பெருமூளைப் புறணியின் ஒரு சிறு பகுதி மட்டும் ஒழுங்கின்றி வளர்ந்திருக்கும் நிலை. 1971இல் லண்டனில் டேவிட் டெய்லரும் உடன் பணியாற்றியவர்களும் இதை முதன்முதலில் விவரித்தனர். நலமான புறணியை ஸ்லைடில் பார்த்தால், நரம்பு செல்கள் ஆறு அடுக்குகளாக, நாற்று நட்டதைப் போல ஒரே திசை நோக்கி நிற்கும். இந்த நோயில் அந்த வரிசை கலைந்துவிடும். இயல்பைவிடப் பல மடங்கு பருத்த நரம்பு செல்கள், ஒன்று மேல்நோக்கியும் மற்றொன்று பக்கவாட்டிலுமாகக் கிடக்கும். அவற்றுக்கு இடையே, வெளிர் இளஞ்சிவப்பாகக் கண்ணாடிபோல் ஊதிய உடலும், ஓரத்துக்கு ஒதுங்கிய உட்கருவும் கொண்ட பலூன் செல்கள் இருக்கும். அவற்றை ஒட்டியே, எந்தக் குறையுமில்லாத செல்களும் அமைதியாக நின்றுகொண்டிருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் என் கண் அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஒரே குழந்தையின் இரு செல்கள், ஒரு முடியின் அகலத்துக்குள் இத்தனை வேறுபட்டு நிற்பதற்குக் காரணம் பல ஆண்டுகளாகப் புலப்படாமலே இருந்தது.

2012இல் ஒரு வழி திறந்தது. மூளையின் ஒரு பாதி மட்டும் பெருத்துவிடும் கொடிய நிலையில், செல் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் என்ற பாதையைச் சேர்ந்த மரபணுக்கள் மூளைத் திசுவில் மட்டும் மாறியிருப்பதை இரு ஆய்வுக்குழுக்கள் காட்டின. 2015இல் தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜியோங் ஹோ லீ குழுவினர், மேலே சொன்ன புறணிக் குறைபாடுள்ள 77 பேரின் திசுவை ஆராய்ந்து, 12 பேரிடம் எம்டார் மரபணுவிலேயே மாற்றம் இருப்பதைக் கண்டனர். மாறிய பிரதிகளின் பங்கு சிலரிடம் நூற்றில் ஒன்றைச் சற்றே தாண்டியது; அதிகம் இருந்தவரிடமும் பதின்மூன்றை எட்டவில்லை. அதே மாற்றத்தைக் கருவிலிருந்த எலிகளின் மூளையில் சில செல்களில் மட்டும் புகுத்தியபோது, அந்த எலிகளுக்கும் வலிப்பு வந்தது. நூறு செல்களில் சில கெட்டால் போதும், மூளையின் மின்னோட்டமே நிலைகுலைகிறது.

இதில் நான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்புவது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறுமியின் அறுவை சிகிச்சைத் திசுவின் ஸ்லைடுகளைப் பெற்றுச் செல்ல அவளுடைய தாயார் எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். தாய்மாமனையே மணந்தவர். கையெழுத்துப் போட்டு உறையை வாங்கிக்கொண்ட பிறகும் நகராமல் நின்று, "சொந்தத்துல கட்டுனதாலதான் இப்படி ஆச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுதானா டாக்டர்?" என்று கேட்டார். நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் சில நோய்களுக்கு வாய்ப்புக் கூடுவது உண்மை. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள பிரதி வந்து சேர்வதால் வரும் நோய்கள் அவை. ஆனால் அவருடைய மகளின் திசுவில் கண்ட மாற்றம் தாயிடமிருந்தும் வரவில்லை, தந்தையிடமிருந்தும் வரவில்லை. கருவறைக்குள் ஒரு செல் பிரிந்த கணத்தில் நேர்ந்தது. அவர் உண்டதோ, செய்ததோ, மணந்ததோ அதற்குக் காரணம் இல்லை. இதை நான் சொன்னபோது அவர் அந்த உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். உங்கள் வீட்டிலும் எந்த வழியில் வந்தது என்ற பேச்சு எழுந்திருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள்.

அதற்காக இரத்தப் பரிசோதனை வீண் என்று எண்ணிவிட வேண்டாம். டெப்டிசி5 போன்ற மரபணுக்களில், பெற்றோரிடமிருந்து வந்த ஒரு குறையோடு மூளைக்குள் இரண்டாவது குறை சேர்ந்து நோயாவதும் உண்டு. முதல் குறையை இரத்தம் காட்டிவிடும். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் பெற்றோருக்கு அந்த விவரம் அவசியம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஹண்டிங்டன் நோய் நல்ல விடை. அது மூளையின் நரம்பு செல்கள் மெல்ல அழிந்து, உடலசைவும் நினைவும் மனநிலையும் சீர்குலையும் பரம்பரை நோய். சிஏஜி என்ற மூன்றெழுத்து ஒரு மரபணுவில் 40 தடவை அளவுக்குத் திரும்பத் திரும்ப வருவதோடு ஒருவர் பிறக்கிறார். ஆயினும் நடுவயதுவரை அவர் நலமாக இருப்பது ஏன் என்பது நெடுநாள் புதிர். ஸ்டீவ் மெக்கரோல், சபினா பெரெட்டா ஆகியோரின் குழுக்கள் 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, மூளையின் ஆழத்தில் உள்ள ஒருவகை நரம்பு செல்களில் அந்தத் தொடர் வாழ்நாள் முழுவதும் நீண்டுகொண்டே போவதையும், ஏறத்தாழ 150ஐத் தாண்டிய பிறகே அந்தச் செல் சீர்கெடுவதையும் காட்டியது. பக்கத்துச் செல்லில் தொடர் அந்த நீளத்தை எட்ட இன்னும் பல ஆண்டுகள் இருக்கலாம். தொடர் நீள்வதைத் தடுத்தாலே நோயைத் தள்ளிப்போடலாம் என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறந்திருக்கிறது.

அல்சைமர் நோயிலும் நரம்பு செல்களில் இயல்பைவிட அதிக மாற்றங்கள் சேர்ந்திருப்பது 2022இல் தெரியவந்தது. அங்கே அவை நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது முடிவாகவில்லை. முடிந்துவிட்டதாக யாரேனும் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

உங்கள் தம்பிக்கு ஒரு யோசனை. அறுவை சிகிச்சை முடிவானால், எடுக்கும் திசுவில் ஒரு பகுதியை, திசுவைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போடாமல் உடனே உறையவைத்துச் சேமிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும். நூற்றில் ஓரிரண்டாக ஒளிந்திருக்கும் மாற்றத்தை அதற்குப் பின் தேடுவது மிகவும் கடினம்.