வசனத்துக்கு முன்னும் பின்னும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். மார்ச்சில் வேலை போனது, ஜூனில் கனடா விசா மறுக்கப்பட்டது. வசனம் பொய்யா, என் விசுவாசம் பொய்யா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இரண்டும் பொய்யல்ல. அட்டையில் இடம் போதாமல் அதற்கு முந்தின வசனம் விடுபட்டிருக்கிறது. எரேமியா 29:10 என்ன சொல்கிறது என்று பாருங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பி வருவீர்கள்.

29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து அரசன் எகொனியாவையும் மூப்பர்களையும் கைவினைஞர்களையும் பிடித்துக்கொண்டு போனான். அப்படிப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பியது இது. இதை விளங்கிக்கொள்ள 28ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் வீடு திரும்புவார்கள் என்று ஆலயத்தில் சனங்களுக்கு முன்பாகச் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தையும் உடைத்துப் போடுகிறான். சனங்களுக்கு யாருடைய பேச்சு இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்தான்.

எரேமியாவின் கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக மன்றாடுங்கள் என்கிறது (5 முதல் 7). விரும்பி வராத ஊரில், அதுவும் சிறைபிடித்தவனின் ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறார். 11ஆம் வசனம் இந்தக் கட்டளைகளோடு ஒட்டியிருப்பது. அதோடு, அந்த வசனத்தில் வரும் "உங்கள்பேரில்" என்பது ஒரு சமூகம் முழுவதையும் பார்த்துச் சொன்னது, தனி ஒருவருடைய விசா விண்ணப்பத்தைப் பார்த்து அல்ல.

இரண்டு அதிகாரங்களும் சேர்த்து 49 வசனங்கள்; கால் மணித்தியாலம் போதும். எந்த அட்டை வசனத்துக்கும் இப்படியே செய்யுங்கள்: யார் யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னது, அதோடு என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று தேடி, மூன்றுக்கும் விடையை ஒரு கொப்பியில் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். மூன்றாவதில்தான் பெரும்பாலும் பிழை விடுகிறோம். வாக்குறுதியைச் சுவரில் ஒட்டுகிறோம், கட்டளை அடுத்த பக்கத்திலேயே கிடக்கிறது. முச்சக்கரவண்டிகளின் பின்னால் காணும் பிலிப்பியர் 4:13க்கும் ("எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு") இதே கதிதான். முந்தின வசனம் பட்டினியைப் பற்றிப் பேசுவதை யாரும் ஒட்டுவதில்லை.

உங்கள் விஷயத்தில் அந்தக் கட்டளை மிகவும் நடைமுறையானது. "விசா வரட்டும்" என்று கலியாணம், படிப்பு, வேலை தேடல், வீட்டுக்கூரை திருத்துவது வரை எல்லாவற்றையும் ஒத்திவைத்திருக்கும் குடும்பங்கள் கொழும்பில் ஏராளம். திரும்ப விண்ணப்பிக்க வேண்டாம் என்று எரேமியா சொல்லவில்லை. இடையில் தோட்டம் நாட்டுங்கள் என்கிறார்.

கேள்வி: 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதலில் உறவினரை இழந்தோம். இன்றைக்கும் செபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. கடவுளோடு கோபிப்பது பாவமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பாவம் என்றால் திருப்பாடல்களில் பெரும் பகுதியைக் கிழித்துப்போட வேண்டிவரும். புலம்பல் பாடல்களே அங்கே அதிகம். 13ஆம் திருப்பாடலில் முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு தடவை வருகிறது. மொத்தமே ஆறு வசனங்கள்: இரண்டில் முறைப்பாடு, இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை.

வாய்விட்டு வாசியுங்கள், மனதுக்குள் வாசித்தால் கண் வேகமாக 5ஆம் வசனத்துக்குத் தாவிவிடும். 2ஆம் வசனத்தில் நின்று, உங்கள் சொந்த "எதுவரைக்கும்" கேள்விகளை நான்கு வரியில் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. பிறகு 3, 4. கடைசி இரண்டு வசனங்களையும் இன்று சொல்ல முடியவில்லையென்றால் விட்டுவிடுங்கள். நாளைக்கும் முடியாவிட்டால் 88ஆம் திருப்பாடலுக்குப் போங்கள். அது நம்பிக்கைக்குத் திரும்பாமல் இருட்டோடேயே முடிகிறது. அதையும் யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. "அழக்கூடாது, ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இந்தப் பக்கத்தை வாசித்திருந்தால் நல்லது.

பழைய கத்தோலிக்கச் செபப் புத்தகங்கள் லத்தீன் எண்முறையைப் பின்பற்றியிருக்கும். அவற்றில் 13 என்பது 12, 88 என்பது 87.

நித்திரையும் சாப்பாடும் கிழமைக்கணக்கில் குழம்பியிருந்தால் செபத்தோடு வைத்தியரையும் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926.

கேள்வி: தெஹிவளையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். வேதாகமம் வாசிக்க அந்த நேரம்தான் எனக்கு உண்டு. ஒவ்வொரு ஜனவரியும் ஆதியாகமத்தில் தொடங்கி நின்றுவிடுகிறது.
– வாசகர், தெஹிவளை

பதில்: நின்ற இடம் யாத்திராகமம் 25க்கும் லேவியராகமத்துக்கும் இடையில் இருக்கும். வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகளும் பலிகளின் ஒழுங்குகளும் அங்கேதான் தொடங்குகின்றன. நின்று பயணிக்கும் பஸ்ஸில் அது யாருக்கும் ஏறாது. மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள், நாளுக்கு ஒரு சம்பவம்.

12ஆம் நூற்றாண்டில் கிகோ என்ற கார்த்தூசியத் துறவி நான்கு படிகள் எழுதி வைத்தார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், ஆழ்ந்திருத்தல். பஸ்ஸுக்கு இப்படிப் பொருத்தலாம். வீட்டிலேயே பகுதியை ஒரு தடவை வாசியுங்கள், உதாரணமாக மாற்கு 4:35 முதல் 41 வரை. பஸ் ஏறியதும் போனில் இணையத்தை நிறுத்திவிட்டு, அதே ஏழு வசனங்களை மெதுவாக இரண்டாம் தடவை வாசியுங்கள். மனம் எங்கே மாட்டுகிறதோ அங்கே நில்லுங்கள். இயேசு படகின் பின்புறத்தில் தலையணை வைத்து நித்திரை கொண்டார் என்று இருக்கிறது. மற்றச் சுவிசேஷங்களில் இல்லாத தலையணை அது. "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று சீஷர்கள் எரிச்சலோடு எழுப்புகிறார்கள். உங்களுக்கு மாட்டுவது அந்த எரிச்சலாகவும் இருக்கலாம். அதை அப்படியே இரண்டு வாக்கியத்தில் செபமாக்குங்கள். பிறகு போனைப் பைக்குள் போட்டு, பம்பலப்பிட்டி தாண்டும்வரை சும்மா இருங்கள். கடினமானது இந்தக் கடைசிப் படிதான். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாக வாசிக்கப் போகாதீர்கள், கடன் சேர்ந்து மறுபடியும் நின்றுவிடும்.

கேள்வி: மகனுக்குச் சாதாரண தரப் பரீட்சை. ஞாயிறு காலையிலும் ரியூஷன். ஓய்வுநாள் கட்டளையை மீறுகிறோமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: வகுப்பு காலையில் என்றால் மாலைத் திருப்பலிக்கோ, சனி மாலைத் திருப்பலிக்கோ போகலாம், உங்கள் பங்குத்தந்தையிடம் நேரம் கேளுங்கள். அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமம் 20 படைப்பைக் காரணம் காட்டுகிறது. உபாகமம் 5:14, 15 வேறு காரணம் சொல்கிறது: எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். மலையகத்திலிருந்து வந்து உங்கள் வீட்டில் வேலைசெய்கிறவர் இருந்தால், ஞாயிறு மதியம் விருந்தாளிகளுக்குச் சமைத்துப் பாத்திரம் கழுவுகிறாரா, சம்பளத்தோடு ஓய்கிறாரா என்று முதலில் பாருங்கள். மகனின் ரியூஷனைப் பற்றி இந்தக் கட்டளை ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேலைசெய்கிறவரைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறது.

கேள்வி: அப்பாவின் வீட்டை விற்ற காசில் அண்ணன் என் பங்கைத் தரவில்லை. "ஏழெழுபது தரம் மன்னி" என்கிறார் போதகர். கேட்காமலே விட்டுவிட வேண்டுமா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: அந்த வசனம் மத்தேயு 18:22. அதே அதிகாரத்தில் 15 முதல் 17 வரை வாசியுங்கள்: குற்றம் செய்தவரிடம் முதலில் தனியே போய்ச் சொல், கேட்காவிட்டால் ஒருவர் இருவரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போ, பிறகு சபைக்குச் சொல். மன்னிப்பும் கணக்குக் கேட்பதும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பலர் முதலிரண்டு படியையும் விட்டு நேரே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அண்ணனுக்கு முகத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை.

உறுதிப்பத்திரத்தோடு தனியே போங்கள், பெரியம்மா மாமா யாரும் வேண்டாம். போதகர் பங்கு பிரித்துத் தருவார் என்றும் எதிர்பார்க்க வேண்டாம், லூக்கா 12:14இல் இயேசுவே அந்த வேலையை மறுத்திருக்கிறார். அது சட்டத்தரணிக்குரியது. அண்ணன் தவணையில் தருகிறேன் என்றால் மறுக்காதீர்கள், ஆனால் எழுத்தில் வாங்குங்கள். அது அவநம்பிக்கை ஆகாது. அடிமையான ஒநேசிமு பட்ட கடனை நானே தீர்ப்பேன் என்று அவனுடைய எசமான் பிலேமோனுக்குச் சொன்ன பவுலும், அதைத் தன் கைப்பட எழுதுவதாகக் குறிப்பிட்டுத்தான் அனுப்பினார் (பிலேமோன் 19).