ஒரே அளவு நிலம், ஒரே மழை: ஒரு குடும்பம் மட்டும் முன்னேறுவது எப்படி?

ஒரே ஊரில், ஒரே அளவு நிலமுள்ள இரு குடும்பங்களின் வருமானம் ஏன் வேறுபடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். யாரைத் தெரியும் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

சென்னையின் கோயம்பேடு சந்தையைப் பாருங்கள். மண்டிக்காரரோடு பழக்கமுள்ள விவசாயிக்கு அன்றைய விலை செல்பேசியிலேயே தெரிந்துவிடும். அவசரத்துக்கு முன்பணமும் கிடைக்கும். ஆனால் முன்பணம் வாங்கியவர் பெரும்பாலும் அந்த மண்டிக்கே சரக்கை அனுப்ப வேண்டும். விலை பேசும் பலம் அங்கேயே போய்விடுகிறது. பழக்கத்தின் இந்தப் பக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை.

சென்னையின் கட்டட வேலைகளுக்கும் மேஸ்திரிகள் தம் ஊராரையும் உறவினரையும்தான் முதலில் அழைக்கிறார்கள். வேலை பற்றிய புதிய செய்தி, நெருங்கியவர்களைவிட லேசாகப் பழகியவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதினார். நம் கிராமங்களுக்கு இது பாதிதான் பொருந்தும் என்பது என் கருத்து. இங்கே அறிமுகமே சாதி எல்லைக்குள் முடிந்துவிடுகிறது; நிலமற்ற தலித் குடும்பங்கள் வெளியே நிற்கின்றன. இது பெரும் அநீதி.

மகளிர் சுய உதவிக் குழுக்களை நான் மதிப்பது இதனால்தான். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய அந்த முயற்சி, அடகு வைக்கச் சொத்தில்லாத பெண்களுக்கும் வங்கிக் கடனுக்கு வழி செய்தது.