மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்காத செயலி

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை. நேரத்துக்கு நினைவூட்ட, அவருடைய ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தேன். திரையில் தகவல் வந்து நிற்கிறது, சத்தம் வருவதில்லை. சில நாள் அரை மணி தாமதமாக வருகிறது. பிரீமியம் வாங்கினால் உரத்த ஒலிகள் கிடைக்குமாம். வருடச் சந்தா கட்டலாமா, புது போனே வாங்கிவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். என் அப்பாவுக்கும் இதே கதைதான். வாரக் கடைசியில் அட்டையை எடுத்துப் பார்த்தால் இரவு மாத்திரை நாலு பிரிக்காமலே இருந்தது. அன்றைக்குத்தான் செட்டிங்ஸைத் துருவினேன்.

போனின் வால்யூம் பட்டனை அழுத்தி, திரையில் வரும் மூன்று புள்ளியைத் தொடுங்கள். பாட்டுக்கு, ரிங்டோனுக்கு, அலாரத்துக்கு என்று தனித்தனிக் கோடுகள் இருக்கும். சைலண்ட்டில் போட்டால் நோட்டிஃபிகேஷன் ஒலி அடங்கிவிடும், அலாரம் அடிக்கும். உங்கள் செயலி நோட்டிஃபிகேஷன் வழியாக ஒலிப்பதாக இருந்தால், காசு கொடுத்து வாங்கிய டோனும் சைலண்ட்டில் ஊமைதான். அலாரமாக ஒலிக்கும் வசதி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 8 முதல், ஒவ்வொரு வகை அறிவிப்பின் ஒலியும் போன்காரர் கையில். அம்மா தெரியாமல் 'சைலண்ட்' என்பதைத் தொட்டிருக்கலாம். வந்த தகவலை அழுத்திப் பிடித்தால் தெரிந்துவிடும்.

தாமதத்துக்குக் காரணம் வேறு. சும்மா கிடக்கும் போனை, பேட்டரி மிச்சம் பிடிக்க ஆண்ட்ராய்டு தூங்கவைக்கிறது. குறித்த நிமிடத்தில் எழுப்ப, செயலிக்குத் தனி அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக நிறுவும் பல செயலிகளுக்கு இது தானாகக் கிடைக்காது. செட்டிங்ஸில் 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்று தேடி, அந்தச் செயலிக்கு அனுமதி கொடுங்கள். அதன் பேட்டரி பக்கத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். 'ஃபோர்ஸ் ஸ்டாப்' மட்டும் அழுத்தவே கூடாது. திரும்பத் திறக்கும்வரை அலாரமே அடிக்காது.

பிறகு இலவசப் பதிப்பிலேயே சோதியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நினைவூட்டல் வைத்து, போனைச் சைலண்ட்டில் போட்டு, சார்ஜரில் செருகாமல் மேசைமேல் விட்டுவிடுங்கள். நேரத்துக்கு அடித்தால் மட்டும் சந்தாவை யோசிக்கலாம். அதுவும் முதலில் ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். ஏமாந்தால் கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். செயலியை அழித்தால் சந்தா நிற்காது, அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

செலவே இல்லாத வழியும் இருக்கிறது: போனோடு வரும் கடிகாரச் செயலி. அலாரத்துக்குப் பெயர் வைக்கலாம். 'சர்க்கரை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்' என்று தமிழிலேயே எழுதிவையுங்கள். அப்பாவுக்கு இப்போது அதுதான் அடிக்கிறது.

இதுவரை விட்டுப்போன மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டாக அம்மா போட்டுக்கொள்ள வேண்டாம்.