நின்றுபோன அப்டேட்டும் நிரம்பி வழியும் டேப்லெட்டும்

கேள்வி: பேத்தியின் படிப்புக்காக வாங்கிய 32 ஜிபி ஆண்ட்ராய்டு டேப்லெட் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு வாரமாக அப்டேட் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 43 சதவீதத்தைத் தாண்டவில்லை. இடையிடையே 'போதிய இடம் இல்லை' என்றும் சொல்கிறது. மகனுடைய போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் இணைக்கிறோம். கடைக்காரர், ரீசெட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார். பேத்தியின் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கொடுக்கலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: கொடுக்காதீர்கள், ஐயா. இந்த வாரம் மட்டுமாவது வேண்டாம். ரீசெட் என்றால் டேப்லெட்டில் உள்ள எல்லாவற்றையும், படங்கள் உட்பட, துடைத்துவிட்டுப் புதிதுபோல் ஆக்குவது.

உங்கள் டேப்லெட்டுக்கு இரண்டு நோய்கள். ஒன்று இணைப்பு, மற்றொன்று இடம். இணைப்பை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மகனுடைய போனில் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் திட்டம் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த அளவு தீர்ந்ததும் இணைப்பு அறுந்துவிடாது. அறுந்தாலாவது நமக்குத் தெரியும். வேகம் மட்டும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதாவது நொடிக்கு 8 கிலோபைட். அந்த வேகத்தில் ஒரு ஜிபி இறங்க ஏறக்குறைய 35 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் காட்பாடியில் ரயில் ஏறியவர் டெல்லியை நெருங்கியிருப்பார். உங்கள் 43 அசையாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தினசரி அளவு நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். விடியற்காலை ஐந்து மணிக்கு, வீட்டில் யாரும் வீடியோ பார்க்க உட்காரும் முன், அப்டேட்டைத் தொடங்குங்கள். கத்திரி வெயில் காலத்தில் இதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் வேலூர்ப் பக்கத்து மே மாத மதியத்தில் சார்ஜில் போட்ட டேப்லெட் சூடேறி, சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திக்கொள்ளும். அப்டேட்டின் அளவை அந்தத் திரையிலேயே காட்டும். அது ஒன்றரை ஜிபிக்கு மேல் இருந்தால் அன்றைக்கு மட்டும் கூடுதல் டேட்டா போட்டுக்கொள்ளுங்கள், அல்லது பிராட்பேண்ட் இருக்கும் உறவினர் வீட்டுக்கு டேப்லெட்டை எடுத்துச் செல்லுங்கள்.

இனி இடம். பெட்டியில் 32 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும் கணினிக் கணக்கில் அது 29.8 தான். அதிலும் ஆண்ட்ராய்டே நல்ல பங்கை எடுத்துக்கொள்கிறது. அப்டேட்டுக்கோ அதன் அளவைவிடக் கூடுதல் இடம் வேண்டும். பந்திக்கு வாங்கிய அரிசி மூட்டையை இறக்கிவைக்க மட்டும் இடம் இருந்தால் போதுமா? அண்டா வைத்து வடிக்கவும் இடம் வேண்டாமா? அதுபோலத்தான். 5 ஜிபியாவது காலியாக இருக்கட்டும் என்பது என் கணக்கு.

எதையும் அழிக்கும் முன் பேத்தியின் படங்களை ஒரு கணினிக்கோ பென் டிரைவுக்கோ நகலெடுத்துவிடுங்கள். பிறகு வாட்ஸ்அப்பைத் திறங்கள். அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று இருக்கும். 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டவை என்று அதுவே தனியாகப் பிரித்துக் காட்டும். சத்துவாச்சாரியில் என் அத்தையின் டேப்லெட்டில் இதைத் திறந்தபோது, ரோஜாப்பூவும் விளக்கும் வைத்த காலை வணக்க வீடியோக்களே பல ஜிபிக்கு இருந்தன. ஒன்றைக்கூட அவர் இரண்டாம் முறை பார்த்ததில்லை. ஆனாலும் அழிக்கச் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

அழித்த பிறகும் இடம் கூடவில்லையே என்று பலர் திகைப்பார்கள். கேலரியில் அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. பெரும்பாலான டேப்லெட்களில் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். அந்தத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

கூகுள் போட்டோஸில் மட்டும் கை நிதானமாக இருக்கட்டும். அங்கே ஒரு படத்தை அழித்தால் இணையத்தில் கூகுளிடம் இருக்கும் பிரதியும் சேர்ந்தே போய்விடும். படங்கள் அங்கே பேக்கப் ஆகியிருந்தால், அதாவது பிரதி சேமிக்கப்பட்டிருந்தால், 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதை அழுத்துங்கள். அது டேப்லெட்டில் உள்ள பிரதியை மட்டும் நீக்கும்.

செயலிகளின் கேஷை, அதாவது அவை தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கோப்புகளை, அழிப்பதில் ஆபத்து இல்லை. பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா'வைத் தொட்டுவிடாதீர்கள். அந்தச் செயலியில் சேர்த்துவைத்ததெல்லாம் போய்விடும். மெமரி கார்டு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். படங்களை அதற்கு மாற்றலாம், ஆனால் அப்டேட் அதில் போய் உட்காராது.

இடம் கிடைத்ததும் டேப்லெட்டை ஒருமுறை அணைத்துப் போட்டு, 50 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் வைத்துக்கொண்டு அப்டேட்டைத் தொடங்குங்கள். இறங்கி முடிந்து தன்னை நிறுவிக்கொள்ளும் கட்டத்தில் திரை நெடுநேரம் நிறுவனச் சின்னத்திலேயே நிற்கலாம். அப்போது பொறுமை வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் அப்படியே நின்றால் மட்டும் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் அது மறுபடி தொடங்கிவிடும். படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் முடியவில்லை என்றால் கடைக்காரர் சொன்ன ரீசெட்தான். ஆனால் கடையில் பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்தால், திரும்ப உயிர் வந்ததும் டேப்லெட் முதலில் கேட்பது பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை. வாங்கிய அன்று கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்த கணக்கு என்றால் அந்தக் கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே செட்டிங்ஸில் அது எந்தக் கணக்கு என்று இன்றைக்கே பாருங்கள். கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றி, வீட்டில் பத்திரமாக வைக்கும் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு கடைக்குப் போங்கள்.