மரச்செக்கு எண்ணெய் விற்கிறேன். தினமும் பதிவு போட்டும் ஆர்டர் வரவில்லை. வாடிக்கையாளரின் நம்பிக்கையை எப்படிப் பெறுவது?

செக்கு எண்ணெய் வாங்க வருகிறவருக்கு அதன் நன்மைகள் ஏற்கெனவே தெரியும். அவருக்கு இருக்கும் ஒரே சந்தேகம், இதில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான். பொங்கல் வாழ்த்து, மாடு சுற்றும் செக்குப் படம், 'பாரம்பரியத்துக்குத் திரும்புவோம்' என்ற வாசகம் எதுவும் அதற்குப் பதில் ஆகாது. கலப்படம் செய்கிறவரும் அதையேதானே போடுகிறார்? அவரால் போட முடியாததை நீங்கள் போடுங்கள்.

விலைக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். உதாரணத்துக்குப் பருப்பு கிலோ 140 ரூபாய் என்றால் பருப்புச் செலவு மட்டும் 350 ரூபாய். ஒன்றரை கிலோ புண்ணாக்கு கிடைக்கும். கிலோ 40 என்றால் 60 ரூபாய் திரும்ப வரும். ஆட்டுக்கூலியும் கரண்டும் 25, பாட்டிலும் லேபிளும் 20. அடக்கம் 335 ரூபாய். அதன்மேல் உங்கள் லாபம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இதைப் படித்தவர் 220 ரூபாய்க்கு 'சுத்தமான செக்கு எண்ணெய்' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது தானாகவே கணக்குப் போட்டுப் பார்ப்பார். நீங்கள் எந்தக் கடையின் பெயரையும் இழுக்க வேண்டியதில்லை. பருப்பு விலை மாறும்போதெல்லாம் கணக்கைப் புதுப்பியுங்கள். ஒரு லிட்டர் என்பது சுமார் 910 கிராம்தான், ஒரு கிலோ அல்ல என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். விலையை ஒப்பிடும் பலர் தடுமாறும் இடம் அது. 'விலைக்கு இன்பாக்ஸில் வரவும்' என்று எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்தது வீடியோ. பாட்டு வேண்டாம், வெட்டி ஒட்டவும் வேண்டாம். 10 கிலோ பருப்பைத் தராசில் காட்டி, செக்கில் போட்டு, வந்த எண்ணெயையும் புண்ணாக்கையும் மறுபடி தராசில் காட்டுங்கள். சுமார் 4 லிட்டர் வரும். ஒரு தடவை குறைவாக வந்தால் அதையும் போட்டு, பருப்பில் ஈரம் அதிகமா, எண்ணெய்ச் சத்து குறைந்த சரக்கா என்று காரணம் சொல்லுங்கள். எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதை மறைக்காமல் காட்டி, எவ்வளவு சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள். கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டதா இல்லையா, எங்கே வாங்கினீர்கள் என்பதும் பதிவில் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் யாரும் காட்டாத வேலை ஒன்று உண்டு: பருப்பைப் பொறுக்குவது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். ஆலையில் சுத்திகரிக்கும்போது அது பெருமளவு நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் அந்த வேலை நடப்பதில்லை. அதனால் கறுத்த, சுருங்கிய பருப்பை நீக்குவதுதான் உங்கள் முதல் காப்பு. ஒரு மூட்டையிலிருந்து எவ்வளவு கழித்தீர்கள் என்று கழிவைத் தராசில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். பத்து நன்மைப் பட்டியலைவிட இந்த ஒரு படத்துக்கு மதிப்பு அதிகம்.

ஆய்வகச் சான்று போடுவதானால் முழுப் பக்கமாகப் போடுங்கள். தேதி, பேட்ச் எண் (ஒரே தடவையில் ஆட்டிய எண்ணெய்க்குக் கொடுக்கும் எண்) எதையும் வெட்டாதீர்கள். ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். (NABL) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாக இருக்கட்டும். கடலை எண்ணெய்க்கு அயோடின் எண் (எண்ணெய் வகைக்கு ஏற்ப மாறும் ஒரு வேதியியல் அளவு) 85 முதல் 99க்குள் இருக்க வேண்டும். அது மட்டும் போதாது: பாமாயில் அந்த எண்ணை இறக்கும், சூரியகாந்தி ஏற்றும், இரண்டையும் அளவாகக் கலந்தால் எண் நடுவில் வந்து நின்றுவிடும். எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கொழுப்பு அமிலப் பகுப்பாய்வையும் கேட்டு வாங்குங்கள். ஆய்வகத்துக்குப் போன மாதிரிக்குத்தான் அந்தச் சான்று பொருந்தும். ஆகவே பாட்டிலில் இருக்கும் பேட்ச் எண்ணும் சான்றில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பதைக் காட்டுங்கள். உங்கள் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசு உரிமத் தளத்தில் எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு திரைப்பதிவும் போடலாம்.

உங்களுக்குப் பாதகமானதையும் எழுதுங்கள். செக்கு எண்ணெய் சுத்திகரித்ததைவிடச் சீக்கிரம் புகையும். பலகாரம் பொரித்தால் நுரைக்கலாம். அடியில் மண்டி தங்கும். வெயில் படும் இடத்தில் வைத்தால் சிக்கு வாடை வரும். வாங்குவதற்கு முன்பே படித்தவர் நுரையைப் பார்த்து 'கலப்படம்' என்று சண்டைக்கு வரமாட்டார். ஃபிரிட்ஜில் வைத்து உறைந்தால் சுத்தமான தேங்காய் எண்ணெய் என்று சுற்றும் வீடியோவைப் பற்றியும் எழுதுங்கள்: பாம் கர்னல் எண்ணெய் (எண்ணெய்ப்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுப்பது) கலந்திருந்தாலும் ஃபிரிட்ஜில் உறையத்தான் செய்யும். உங்களுக்குச் சாதகமான தப்பான சோதனையை நீங்களே மறுப்பது நல்ல விளம்பரம்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. சர்க்கரை நோய் குணமாகும் என்ற வகை விளம்பரம் 1954ஆம் ஆண்டு மருந்து, மாயத் தீர்வுகள் சட்டத்தில் மாட்டும். எண்ணெய்ப் பொட்டலத்தில் கொலஸ்ட்ராலை எதிர்க்கும், இதயத்துக்கு இதமானது என்கிற ரக வாசகங்களை 2011ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகளே தடுத்தன. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்பதும் வெற்றுப் பெருமைதான். எந்தத் தாவர எண்ணெயிலும் அது பெயர் சொல்லும் அளவுக்கு இருக்காது. டிரம்மிலிருந்து வாடிக்கையாளர் கேனில் ஊற்றும் வீடியோவும் வேண்டாம். மாநில அரசு விலக்கு அளிக்காத வரை சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதற்குத் தடை இருக்கிறது.

தினமும் பதிவு தேவையில்லை. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு பதிவு, மாதம் ஒரு விளக்கக் கட்டுரை போதும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். முதல் பார்சலிலேயே ஒரு சீட்டு வைத்து எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். தள்ளுபடி கொடுத்து கூகுள் விமர்சனம் வாங்காதீர்கள், அது அவர்கள் விதிக்கே எதிரானது.

மோசமான விமர்சனம் வந்தால் அழிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். பேட்ச் எண் கேளுங்கள், அதே பேட்ச்சில் எடுத்து வைத்த மாதிரி பாட்டிலைத் திறந்து முகர்ந்து பாருங்கள், கண்டதை அதே இடத்தில் பதிலாக எழுதுங்கள். இதற்காக ஒவ்வொரு பேட்ச்சிலும் 200 மில்லியாவது தேதி ஒட்டி, லேபிளில் போட்ட காலாவதி நாள் வரை எடுத்து வையுங்கள். சிக்கு வாடை உண்மை என்றால் அந்த பேட்ச் வாங்கிய எல்லோருக்கும் நீங்களே செய்தி அனுப்பி, மாற்று பாட்டிலோ பணமோ கொடுத்து, அந்த அறிவிப்பைப் பக்கத்தின் மேலேயே ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள்.