ஆற்றுப் பள்ளத்தாக்கில் வார இறுதி முகாம்: கேள்வி பதில்

நதிப்பித்தன்: 12 பேர் போகிறோம் சார். ஆற்றை ஒட்டியே நல்ல மணல்திட்டு, பாய் விரித்தமாதிரி சமமாக இருக்கிறது. டென்ட் அடிக்கலாமா?

வேண்டாம். அதைச் சமப்படுத்தியதே வெள்ளம்தான். உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும். மேற்பகுதியில் மாலை பெய்த மழை நடுராத்திரியில் வந்து சேரும். மேலே அணை இருந்தால் மழைகூட வேண்டாம், மதகைத் திறந்தால் போதும். கரையோரப் புதர்களைப் பாருங்கள். காய்ந்த புல்லும் பிளாஸ்டிக்கும் கிளைகளில் சிக்கித் தொங்கும். முன்பு வந்த வெள்ளம் அந்த உயரத்தைத் தொட்டிருக்கிறது. அதற்கும் மேலே, தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, ஏறி ஓட வழியுள்ள பக்கமாக இடம் பிடியுங்கள். பட்ட கிளை தொங்கும் மரத்தடி மட்டும் வேண்டாம்.

பொழுது சாயும்முன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு வைத்து, அவ்வப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, ஆற்றின் இரைச்சல் மாறினாலோ, மூட்டை கட்ட நிற்காமல் மேலே ஏறுங்கள்.

குளிர்காற்றும் இரவில் பள்ளத்தில்தான் இறங்கித் தேங்கும். கொஞ்சம் மேட்டில் படுத்தால் அந்த வகையிலும் லாபம்.

தாகம்: ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கலங்கலாக இருந்தால் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்தபின் 1 நிமிடம். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் என்றால் 3 நிமிடம். கையடக்க ஃபில்டர்களில் பெரும்பாலானவை பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸை விட்டுவிடும். மேலே வயல்களோ சுரங்கமோ இருந்தால் அந்தத் தண்ணீரே வேண்டாம். பூச்சிமருந்தும் உலோகமும் கொதிக்க வைத்தால் போகாது.

அடுப்படி: கேஸ் எத்தனை கேன்?

230 கிராம் கேன் ஒன்றுக்குச் சுமார் 12 லிட்டர் தண்ணீர் கொதிக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். குளிரிலும் காற்றிலும் குறையும். கேனுக்கு மேல் நேராக மாட்டும் ஸ்டவ் என்றால் காற்றுத் தடுப்பை முழுச்சுற்றாக வைக்காதீர்கள். கேன் சூடேறி வெடிக்கும்.

ஈரத்தலையணை: மழையே இல்லை, காலையில் டென்டுக்குள் சொட்டுகிறது. ஒழுகல்தானே?

பெரும்பாலும் உங்கள் மூச்சுதான். மேல்ஷீட்டின் உட்புறம் முழுக்கப் பொடித் துளியாக இருந்தால் மூச்சு ஈரம். தையல் வழியே கோடாக இறங்கியிருந்தால் ஒழுகல். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை அடைப்பதுதான் தப்பு. மேலே ஒன்று, கீழே ஒன்று திறந்தே இருக்கட்டும். ஈரத்துணியை உள்ளே காயப் போடாதீர்கள். தரை நனைந்தால் அடியில் விரித்த தார்ப்பாயைப் பாருங்கள். டென்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழை அதில் விழுந்து நேராக அடியில் போகும். நாலு பக்கமும் 5 சென்டிமீட்டர் உள்வாங்கி மடியுங்கள்.

பழைய முகாமி: இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தார்ப்பாய் பெரிதாக இருந்தால்தான் வாசலில் செருப்பு வைக்கலாம். சுற்றிலும் வாய்க்கால் வெட்டிவிட்டால் தண்ணீர் எப்படி வரும்?

செருப்புக்குத் தனியாக ஒரு சாக்கு போடுங்கள் ஐயா. வாய்க்கால், தரைவிரிப்பு இல்லாத கித்தான் டென்ட் காலத்துப் பழக்கம். இப்போது தரையும் சேர்த்தே தைத்து வருகிறது. வெட்டிய மண் அடுத்த மழையில் அரித்துக்கொண்டு போகும், புல் திரும்ப வர வெகுநாள் ஆகும். அதனால்தான் பல இடங்களில் வெட்டவே தடை.

பழைய முகாமி: பெருமழையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மண்வெட்டி: ஐயா சொல்வது சரி. அரையடி ஆழம் போதும்.

வெட்டிய வாய்க்காலுக்கு வடிய சரிவு வேண்டும். சரிவு இருந்தால் தண்ணீர் தானே ஓடிவிடும், வாய்க்கால் எதற்கு? இல்லாவிட்டால் டென்டைச் சுற்றி அகழிதான். டென்ட் விரிக்கும்முன் அந்த இடத்தில் 1 குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் இடத்தை மாற்றுங்கள். மண்வெட்டிக்கு வேலை கழிப்பறைக் குழியில் இருக்கிறது.

வெண்மணல்: மணல்திட்டில் ஒரே ஒரு ராத்திரி மட்டும்?

முதல் பதில்.

தூண்டில்காரன்: இரைக்கு என்ன போடலாம்?

எனக்கு மீன் தெரியாது. பிடிக்க அனுமதி உண்டா என்று இடத்தை நிர்வகிப்பவரிடம் முதலில் கேளுங்கள்.

நடுக்கம்: ராத்திரி ஸ்டவ்வை டென்டுக்குள் வைத்துச் சூடேற்றலாமா அண்ணா?

கூடவே கூடாது தம்பி. தணல் சட்டியும் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளிர் கீழேயிருந்து ஏறுகிறது. இன்னொரு போர்வை தேடுவதைவிட அடியில் இன்னொரு மேட் போடுங்கள்.

கல்லடுப்பு: ஆற்றுக் கூழாங்கல் வைத்து அடுப்புக் கூட்டலாமா?

கூடாது. உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் தெறிக்கும். கரைமேட்டுக் காய்ந்த கல் எடுங்கள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பல்மேல் புறங்கையைக் காட்டிச் சூடு தெரியாதவரை அது அணையவில்லை.

மணலோடு உறவு: திட்டு கொஞ்சம் உயரமாக இருந்தால்?

புதரில் சருகு தொங்கும் உயரத்தைவிட உயரமா? இல்லையென்றால் இல்லை. இனி மணல்திட்டுக் கேள்விக்குப் பதில் கிடையாது.

கூச்சம்: அந்தக் குழி... எவ்வளவு ஆழம்?

15 முதல் 20 சென்டிமீட்டர். ஆறு, பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர். அதைவிட ஆழமாக வெட்டினால் மட்கவைக்கும் நுண்ணுயிர் குறைவு. 12 பேரும் ஒரே இடத்தில் வெட்டாமல் பரவலாகப் போங்கள். ஈரத் துடைப்பான் மட்காது, பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள்.