நீலமா, சிவப்பா, பழுப்பா?

சென்ற இதழில் மெக்கானிக்கல் கீபோர்டு பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இவ்வளவு கடிதங்கள். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச் வைத்த கீபோர்டு அது. உள்ளே இருக்கும் தண்டின் நிறத்தை வைத்துத்தான் நீலம், சிவப்பு, பழுப்பு என்று ஸ்விட்சின் வகையைச் சொல்வோம். இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கே பக்கம் முழுவதையும் கொடுத்துவிடுகிறேன்.

பதினாறு வருஷமாக டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் டிடிபி வேலை பார்க்கிறேன். தட்டச்சுக்குத் தமிழ்99 விசை அமைப்பு. கல்லூரியில் படிக்கும் மகள் சிவப்பு ஸ்விட்ச் போட்ட கீபோர்டு வாங்கித் தந்திருக்கிறாள். அடித்தால் ‘சப்’பென்று இருக்கிறது. பழையதற்கே போய்விடலாமா?
– வாசகி, கும்பகோணம்

அவசரப்படாதீர்கள். ஒரு மாதம் சிவப்பிலேயே அடியுங்கள்.

அந்தக் காலத்து டிவிஎஸ் கோல்டு என்றால் உள்ளே இருப்பது செர்ரி கம்பெனியின் எம்எக்ஸ் ப்ளூ, அதாவது நீல ஸ்விட்ச், ஜெர்மன் சரக்கு. நானும் அதில்தான் வளர்ந்தவள். சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் மூன்று பேர் சேர்ந்து அடித்தால் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அந்த ஸ்விட்சைப் பிரித்துப் பார்த்தால் நீலத் தண்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு சட்டை தெரியும். அழுத்தும்போது தண்டு முதலில் இறங்கும், சட்டை உள்ளே இருக்கும் உலோகத் தகட்டில் சிக்கி நிற்கும். பாதி வழியில் பிடி விட்டதும் சட்டை பாய்ந்து கீழே இடிக்கும். அதுதான் அந்த ‘டிக்’. எழுத்து விழுந்துவிட்டதைக் காதே சொல்லிவிடும். டைப்ரைட்டரில் பழகிய கைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

ஆனால் அந்தச் சட்டை மறுபடி மேலே ஏறி உட்கார்ந்தால்தான் அடுத்த அடி பதியும். எழுத்து விழுந்த இடத்தைத் தாண்டி விசை நன்றாகவே மேலே வந்தாக வேண்டும். தமிழ்99-ல் நாம் என்ன செய்கிறோம்? ‘பக்கம்’ என்றால் ப, க, க, ம, புள்ளி. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அம்மா, பாட்டி, எல்லாம், சொன்னார், பத்திரிகை... ஒரு பத்தி அடித்து எண்ணிப் பாருங்கள், எத்தனை இரட்டைத் தட்டு! சிவப்பில் எழுத்து விழும் இடமும் விடுபடும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். விரலை லேசாகத் தூக்கி இறக்கினாலே இரண்டாவது ‘க’ விழுந்துவிடும். தமிழ்99-க்குச் சிவப்புதான் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். நீலத்தை உயிராக நேசிக்கிற என் பழைய சகாக்கள் இதை ஒப்புக்கொள்வதே இல்லை. சந்திக்கும்போதெல்லாம் வாதம் நடக்கும்.

‘சப்’பென்று தோன்றுவது பழக்கதோஷம். சிவப்புக்கு 45 சென்டிநியூட்டன், அதாவது ஏறக்குறைய 46 கிராம் எடை வைத்த அழுத்தம் போதும். மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும் விசை, 2-லேயே எழுத்தைப் பதித்துவிடும். நீங்கள் நீலத்துக்குக் கொடுத்த குத்தை இதற்கும் கொடுக்கிறீர்கள். மெல்ல மெல்லக் குறையுங்கள். சாயங்காலம் விரல் மூட்டில் வலி குறைந்திருப்பது தெரியும்.

பழுப்பு என்பது ‘மணல் விழுந்த சிவப்பு’ என்று நண்பர் கேலி செய்கிறார். உண்மையா?
– வாசகர், கோவை

பழுப்பில் பாதி வழியில் ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்படும். சத்தம் கிடையாது. அடிவரை இடித்து அடிப்பவருக்கு அந்த மேடு தெரியாமலே போய்விடும், அவருக்கு மணல் என்றுதான் தோன்றும். யோசித்து யோசித்து எழுதுபவர் கையில் அதே மேடு நல்ல துணை. நண்பரை மெதுவாக ஒரு கடிதம் அடிக்கச் சொல்லுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் ஹோலி பாண்டா என்ற ஸ்விட்ச் பக்கம் போகட்டும், அதில் மேடு பெரிது.

‘க’ ஒரு தரம் தட்டினால் இரண்டு தரம் விழுகிறது. கீபோர்டையே மாற்ற வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

வேண்டாம், ஆனால் இன்றைக்கே கவனியுங்கள். எனக்கு இதே கோளாறு வந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை வேலையில். ‘எங்கள் மூத்த மகள்’ என்று அடித்தேன், ‘எங்கள் மூத்த மக்கள்’ என்று விழுந்திருந்தது. சரியான சொல்தானே, கண்ணில் படவில்லை. புரூஃப் பார்க்க வந்த பெண்ணின் அத்தை விரல் வைத்துக் காட்டினார். 500 பத்திரிகை அச்சாகியிருந்தால் அந்த வீட்டாரின் முகத்தில் எப்படி விழிப்பது? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஸ்விட்ச் உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது சற்றே துள்ளும். சில மில்லிசெகண்ட் துள்ளலைக் கீபோர்டே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தூசியோ தேய்மானமோ சேர்ந்து துள்ளல் நீண்டால் இரண்டு அடியாகக் கணக்கு வைத்துவிடும். கம்பியைப் பிடுங்கிவிட்டு, விசையின் மேல்மூடியான கீகேப்பைக் கழற்றி, இரண்டு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு நூறு தரம் அழுத்துங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சோதியுங்கள். சரியாகவில்லையா? ஸ்க்ரோல் லாக் விசையை யார் தொடுகிறார்கள்! சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து அந்த ஸ்விட்சை ‘க’வுக்கும், ‘க’வில் இருப்பதை அங்கேயும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டே கால்கள்தான், பத்து நிமிஷ வேலை.

ராத்திரி வேலை. பக்கத்துத் தொட்டிலில் ஆறு மாதக் குழந்தை. எது வாங்கலாம்?
– வாசகி, சென்னை

சைலன்ட் ரெட், சத்தம் குறைத்த சிவப்பு. தண்டு அடியில் இடிக்கும் இடத்திலும் மேலே வந்து முட்டும் இடத்திலும் மெத்தை வைத்திருப்பார்கள். விசை இறங்கும் தூரம் 4-க்குப் பதில் 3.7 மில்லிமீட்டர்தான், அந்த வித்தியாசம் இரண்டு நாளில் பழகிவிடும். கீபோர்டுக்கு அடியில் கனமான துணி விரிப்பு ஒன்றும் போடுங்கள், மேஜை அதிர்வும் அடங்கும்.

ஸ்விட்சுக்குக் கிரீஸ் தடவினால் வெண்ணெய் மாதிரி ஓடும் என்கிறார்களே?
– வாசகர், திருநெல்வேலி

ஓடும். நான் முதலில் செய்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது, 87 ஸ்விட்ச். சிவப்பு மாதிரி மேடும் ‘டிக்’கும் இல்லாத லீனியர் வகைக்குக் கிரைடாக்ஸ் 205ஜி0 என்ற கிரீஸ் நல்லது. சின்னப் பிரஷ்ஷின் நுனியில் தொட்டு, டப்பா விளிம்பில் வழித்துவிட்டு, தண்டு உரசி இறங்கும் இரண்டு பக்கத் தடத்திலும் பூசுங்கள். பிரஷ் போன இடம் லேசாக மினுங்க வேண்டும், வெள்ளையாகப் படியக் கூடாது. அப்புறம் ஸ்பிரிங்கின் இரண்டு முனையிலும் கொஞ்சம். அங்கே தடவாவிட்டால் ‘ணங்’கென்று ஒரு ரீங்காரம் விடாது. பழுப்பு என்றால் தண்டின் கால்களை, அதாவது தகட்டைத் தொடும் பகுதியை, விட்டுவிடுங்கள். அங்கே பூசினால் மேடு மழுங்கிவிடும். நீலத்துக்குப் பூசவே வேண்டாம். அந்த ‘டிக்’குக்காகத்தானே அதை வாங்கினீர்கள்!